ஐந்தாம் இலக்கத்துக்கு ஒரு வதந்தி

சீசன் முடிந்து மூன்றாவது கிழமை.
நாரஹேன்பிட்டியில் மழை விட்டபாடில்லை.
இருபத்திரண்டு மீற்றர் கோட்டில்
இரண்டு கொக்குகள் மறிப்பாரின்றி நடக்கின்றன.
கழகத்தின் கணக்குப்பிள்ளை நான்.
றக்பி எனக்கு மேலோட்டமாகத்தான் தெரியும்.
யாருக்கு எவ்வளவு பாக்கி என்பது
சதக் கணக்கில் தெரியும்.

என் மேசைக்கு எதிரே வெள்ளைப் பலகை.
பதினைந்து காந்த வில்லைகள்,
ஓரத்தில் காத்திருக்க இன்னும் எட்டு.
அடுத்த வருட அணி இதோ, தயார் என்கிறார்
பயிற்றுநர் ஜோன்க்ளாஸ்,
இடையில் யாரும் தும்மாமல் இருந்தால்.

பத்தாம் இலக்கம் ருமேஷ்கவைப்
பம்பலப்பிட்டிக் கோப்பிக் கடையொன்றில் கண்டார்களாம்.
எதிரில் கடற்படை அணியின் மனேஜர்.
மேசையில் கேக் இருந்தது என்கிறான் ஒருவன்,
கடிதம் என்கிறான் இன்னொருவன்.
கடற்படை என்றால் சீருடை, சாப்பாடு, பென்ஷன்.
எங்களுக்கு ஒரு பிஸ்கட் கம்பெனியின் அனுசரணை;
அந்தக் காசு வருவதற்குள்
பிஸ்கட் நமத்துப் போகும்.

விங் ஆடும் இஃப்லால் கண்டிக்குப் போகிறானாம்,
உம்மா சாமான் கட்டி முடித்துவிட்டாவாம்.
அந்த உம்மாவே எனக்குப் போன் எடுத்துக் கேட்டா:
"தம்பி, எங்கட புள்ள கண்டிக்கா போறான்?"

ஒவ்வொரு கதைக்கும் ஒரு வில்லை நகரும்.
ஜோன்க்ளாஸ் எடுப்பார், வைப்பார்,
தள்ளி நின்று தலையைச் சாய்ப்பார்.
பத்தை எடுத்தால் பன்னிரண்டு ஆட்டம் காணும்,
பன்னிரண்டை இழுத்தால் பதினைந்து தனித்துப் போகும்.

ஐந்தை மட்டும் யாரும் தொடுவதில்லை.

தயாபரன். வயது முப்பத்துமூன்று.
பகலில் குவாரி வீதி இரும்புக் கடை,
மாலையில் இரண்டாம் வரிசை.
இரண்டு இடுப்புகளுக்கிடையில் தலையைச் செருகிப்
பதினொரு வருடம் தள்ளியவன்.
காதுகள் இரண்டும் சப்பித் துப்பிய சூயிங்கம்.

காசோலை வாங்க வந்தவன்
பலகையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.
"அண்ணை, என்னைப் பற்றி ஏதும் கதைக்கினமோ?"
இல்லை என்றேன்.
"ஒண்டும்?"
"ஒண்டும்."
"நல்லது" என்று சிரித்தான்.
குடை கையில் இருக்க, விரிக்காமல்
மழைக்குள் போனான்.

அன்று பின்னேரம் கேற்றடியில்
ஓட்டோக்காரர் சரத்சேனவிடம் மெல்லச் சொன்னேன்:
பொலிஸ் அணி எங்கள் ஐந்தைக் கேட்குதாம்,
ஒருவருக்கும் சொல்லிவிடாதீர்கள்.

இரவு எட்டரைக்குள் அது
ஹெவ்லொக் வீதியைக் கடந்துவிட்டது.
விடிய, பணிஸ் கொண்டுவந்த பெடியன்
எனக்கே அதைச் சொன்னான்.
இப்போது அதில்
ஒரு மோட்டார் சைக்கிளும் சேர்ந்திருந்தது.
மத்தியானம் தலைவரின் போன்:
"அவனை விடக் கூடாது. எவ்வளவு கேட்கிறான்?"
ஜோன்க்ளாஸ் எழுந்து போய்
ஐந்தாம் வில்லையை ஒரு விரலால் தொட்டார்,
சுடுகிறதா என்று பார்ப்பவர்போல்.

ஒப்பந்தத்தை நானே தட்டச்சு செய்தேன்,
போன வருடத்தை விடக் காற்பங்கு கூட.
வெள்ளிக்கிழமை வந்தான்,
அயர்ன் பண்ணிய சேட்டும் புதுச் சப்பாத்துமாய்.
பேனையை நீட்டினேன். வாங்கவில்லை.

"குறை நினைக்காதேங்கோ அண்ணை.
பொலிஸிலயிருந்து நேற்று எடுத்தவை.
நான் வாறன் எண்டு கேள்விப்பட்டவையாம்,
உண்மையோ எண்டு கேட்டினம்.
ஓம் எண்டிட்டன்."
பிறகு, கொஞ்சம் வெட்கத்தோடு:
"மோட்டார் சைக்கிளும் இருக்காம்."

ருமேஷ்க எங்கும் போகவில்லை.
மேசையில் இருந்தது கேக்தான்.

ஐந்தாம் வில்லை இப்போது
ஐஸ் பைகள் வைக்கும் ஃபிரிட்ஜின் கதவில்
தண்ணீர்ப் பில்லைப் பிடித்துக்கொண்டிருக்கிறது.
பலகையில் நான்குக்கும் ஆறுக்கும் நடுவே
காசளவு வட்டம் ஒன்று
மற்ற இடத்தை விடச் சற்று வெள்ளை.

"யார் ஐசே இந்தக் கதையைக் கிளப்பினது?"
கேட்டுக்கொண்டே வருகிறார் ஜோன்க்ளாஸ்.
நான் பேரேட்டைத் திறந்து
கூட்டிய கணக்கை
மறுபடி கூட்டத் தொடங்குகிறேன்.